பாலைப்பாணிப் போத்தலில் ‘ருசி’ போடுவதா, ‘சுவை’ போடுவதா?

பாலைநிழல் (ஒட்டுசுட்டான்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊரிலை கொஞ்சப் பெண்கள் சேர்ந்து பாலைப்பழப் பாணி காய்ச்சி விக்கிறம். இதுவரைக்கும் கழுவின பழைய போத்தலிலை ஊத்தி, பேனையாலை பேர் எழுதி ஒட்டித்தான் குடுத்தது. இந்தமுறை அச்சடிச்ச லேபிள் ஒட்டுவம் எண்டு முடிவெடுத்தாச்சு. அங்கைதான் இழுபறி துவங்கினது. அச்சகத்துத் தம்பி கேக்காமலே “மிகவும் ருசியான பாலைப்பாணி” எண்டு போட்டு அனுப்பிப்போட்டார். எங்கட குழுவிலை ஒரு அக்கா, ருசி வடமொழி, ‘சுவையான’ எண்டு மாத்தச் சொல்லுறா. என்ர மகளுக்கு ரெண்டும் பிடிக்கேல்லை, ‘இன்சுவை’ எண்டால்தானாம் வடிவு.

எனக்கு மூண்டுமே பிஸ்கற் பைக்கற்றிலை கிடக்கிற சொல்லாத்தான் தெரியுது. வன்னியிலை ஒரு சாமானை வாயிலை வைச்சு, அது நல்லாயிருந்தால் நாங்கள் உண்மையிலை என்ன சொல்லுறனாங்கள்? அதைத்தான் போட விருப்பம். விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

முறிகண்டிக் கச்சான் எழுதியது:

“உணவு சுவையாக உள்ளது” எண்டு நான் ஒருநாள் சொன்னனெண்டால், மனிசி நெத்தியிலை கை வைச்சுக் காய்ச்சல் பாப்பா.

நாங்கள் சொல்லுறது “கறி அந்தமாதிரி”. அதுக்கும் மேலை எண்டால் “கலாதி”. மாமி சமைச்சதெண்டால் “திறம்”. சரிவரேல்லை எண்டால் “பறவாயில்லை”. இதுக்கு வெளியாலை ஒரு சொல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. போத்தலிலை “அந்தமாதிரிப் பாணி” எண்டு போடுங்கோ அக்கா. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த பஸ் நிக்கிற நேரத்துக்குள்ளை நான் வித்துத் தாறன்.

---

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

பகிடி ஒருபக்கம் கிடக்கட்டும். அந்த அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. ருசி வடமொழிச் சொல்தான். அங்கே அதற்கு ஒளி, அழகு, விருப்பம் என்றெல்லாம் பொருள் உண்டு, நாக்கின் விருப்பமும் அதில் ஒன்று. தமிழுக்கு வந்தபோது அது ‘உருசி’ ஆனது. தொல்காப்பியர் விதிப்படி ரகரம் சொல்லுக்கு முதலில் நிற்காது, அதனால் முன்னால் ஓர் உகரம். உரோமம், உருத்திரன் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பழைய ஆட்கள் கடிதத்தில் ‘உருசை’ என்று எழுதுவார்கள். எழுத்துக்கு உருசை, வாய்க்கு ருசி என்றுதான் எங்கள் பக்கம் வழக்கம்.

ஆனால் வடமொழி என்பதற்காக அதைத் தூக்கி அந்த இடத்தில் சுவையை வைத்துவிடலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டும் ஒரு வேலை செய்யும் சொற்கள் அல்ல.

சுவை பொருளில் இருக்கிறது. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு என்று ஆறையும் எண்ணிச் சுவை என்றார்கள். இதில் நல்லது கெட்டது இல்லை. கைப்பும் ஒரு சுவை, காஞ்சிரங்காயிலும் சுவை இருக்கிறது. ருசி அப்படியல்ல, அது தின்கிறவனிடம் இருக்கிறது. “ருசி கண்ட பூனை” என்கிறோம். பூனைக்குப் பிடித்துப்போனது என்பதுதான் அதன் பொருள், பாலில் என்ன சுவை இருந்தது என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை. வடமொழியில் இருந்த விருப்பம் என்ற பொருள் தமிழிலும் அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை.

இன்னும் ஒன்று பாருங்கள். நகைச்சுவை என்கிறோம், நகைருசி என்று யாரும் சொல்வதில்லை. மெய்ப்பாடுகளைச் சுவை என்று எண்ணுகிற மரபில் அழுகையும் அச்சமும் கூடச் சுவைதான். அழுகை யாருக்கு ருசிக்கும்? பத்திரிகைக்காரர் ‘ருசிகரமான செய்தி’ என்று போடும்போது வாசிப்பவருக்குப் பிடிக்கும் என்றுதான் கணக்குப் போடுகிறார்.

‘சுவையான’ என்று ‘ஆன’ சேர்ந்துவிட்டால் அது நல்ல சுவையைத்தான் குறிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஏட்டில் வாழும் சொல். எங்கள் குசினிக்குள் அது இன்னும் வரவில்லை.

---

பாலைநிழல் எழுதியது:

> கைப்பும் ஒரு சுவை

மாஸ்டர், இதை வாசிக்க எங்கட வேப்பம்பூ வடகம்தான் ஞாபகம் வந்தது. பூவை உதறி எடுத்து, ஊறவைச்ச உழுந்தோடை, செத்தல் மிளகாயோடை இடிச்சுப் பிடிச்சுக் காயவைச்சு, பொரிக்கேக்கை வீடு முழுக்க மணக்கும். வாயிலை போட்டால் கைக்கும். ஆனால் “கைக்குது, இன்னும் ரெண்டு வை” எண்டுதான் கேப்பினம். அப்ப கைப்பு வடகத்திலை, ருசி எங்களிட்டை. சரிதானே?

பனங்காயும் அப்பிடித்தான். ஒரு பனையின்ர பழம் தேனா இருக்கும், பக்கத்துப் பனையின்ர பழத்திலை பணியாரம் சுட்டால் கைப்பு நாக்கை விட்டுப் போகாது.

---

சோதனைக்குழாய் (வவுனியா) எழுதியது:

பனங்களியின் கைப்புக்குக் காரணம் பிளாபெலிபெரின் எனப்படும் சேர்மங்கள். பனைக்குப் பனை அளவு வேறுபடும். இடையிலை புகுந்ததுக்குக் குறை நினைக்கவேண்டாம், ஆய்வுகூடத்து ஆள், பழக்கதோசம். விரிவாப் பிறகு வாறன்.

---

தேயிலைக்கொழுந்து (கிளிநொச்சி) எழுதியது:

ஐயா, எனக்கு இதுல ஒரு சந்தேகம். எங்க அப்பா அம்மா 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுட்டு வன்னிக்கு வந்து குடியேறினவங்க. எங்க வீட்டுப் பேச்சுல ருசி எப்பவும் நல்லதுன்னு இல்ல. கெட்டுப்போன பாலைக் குடிச்சா அம்மா “என்னமோ ஒரு ருசி அடிக்குது”ம்பாங்க. மருந்துத் தண்ணி குடிச்சா “வாயில ஒரு மாதிரி ருசி நிக்குது”ன்னு சொல்வோம். அங்கே ருசிக்கு எது விருப்பம்?

இன்னொண்ணு. நான் ஸ்கூலுக்குப் போன புதுசுல “கறி காரமா இருக்கு”ன்னு சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கேன். இங்க அது உறைப்பு. இப்ப வீட்டுல காரம், வெளியில உறைப்பு. என் பிள்ளைகளுக்கு வீட்டுலயும் உறைப்புத்தான். லேபிள்ல வன்னிப் பேச்சு வேணும்னா எந்த வன்னிப் பேச்சுன்னும் கேக்கணும். நாங்களும் வன்னிதானே.

---

குளக்கட்டு எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் நீங்கள் தந்த இரண்டு வாக்கியத்தையும் திரும்பப் பாருங்கள். “என்னமோ ஒரு ருசி”, “ஒரு மாதிரி ருசி”. முன்னால் ஒரு முட்டு வைத்த பிறகுதான் ருசி கெட்ட பக்கம் சாய்கிறது. அந்த முட்டுச் சொல்லை எடுத்துவிட்டு “பால் ருசியாக இருக்கிறது” என்று உங்கள் அம்மா சொன்னால் அந்தப் பாலை ஊற்றமாட்டார், குடிக்கச் சொல்வார். தனியே நின்றால் நல்லது, அடைமொழி வந்தால் எதுவும் ஆகலாம். ‘மணம்’ என்ற சொல் தனியே நின்றாலும் இரண்டு பக்கமும் சாயும். “மணக்குது” என்று சொல்பவரின் மூக்கைப் பார்த்தால்தான் பூவா கருவாடா என்று தெரியும். பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்றைக்குக் கெட்ட பக்கமே விழுந்துவிட்டது. ருசிக்கு அந்தக் கதி நேரவில்லை.

எந்த வன்னிப் பேச்சு என்று கேட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கேள்வி அப்படியே நிற்கட்டும்.

---

நந்திக்கடல் (முல்லைத்தீவு) எழுதியது:

நீங்கள் எல்லாரும் படிச்ச ஆக்கள். நான் கடற்கரைச் சனம். எங்கட வீட்டிலை ருசி பாக்கிறது எண்ட கதையே இல்லை. “உப்புப் பார்” எண்டுதான் கேக்கிறது.

சட்டி கொதிக்கேக்கை அம்மா அகப்பையாலை கொஞ்சம் குழம்பு அள்ளி, சட்டி விளிம்பிலை ஒருக்காத் தட்டிப்போட்டு, உள்ளங்கைக் குழியிலை விடுவா. ஊதி ஊதி நக்கிப் பாக்கவேணும். பாத்திட்டு உப்பை மட்டும் சொல்லித் தப்பேலாது. புளி காணுமோ, உறைப்புக் கூடிப்போச்சோ, பச்சைத் தூள் மணம் நிக்குதோ, எல்லாம் சொல்லவேணும். கேக்கிறது மட்டும் உப்பு. எல்லாம் சரியெண்டால் “உப்புச் சுவறியிட்டுது” எண்டு சொல்லுவம், அம்மா சட்டியை இறக்குவா. அதுக்கு மேலை ஒரு பாராட்டு எங்கட வீட்டிலை நான் கேட்டதில்லை.

மீனுக்கு இன்னொரு கதை. களங்கண்டியிலை அப்பத்தான் எடுத்த இறாலை உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவிச்சால் இனிக்கும். ருசி எண்டு சொல்லமாட்டம், இனிக்குது எண்டுதான் சொல்லுவம். சீனி போட்டோ இனிக்குது? இல்லை. வெடுக்கு இல்லை, பழுதாகேல்லை, இண்டைக்குப் பட்டது, அதுதான் இனிப்பு. ஐஸிலை ரெண்டு நாள் கிடந்த இறாலுக்கு என்ன தூளைப் போட்டாலும் அந்த இனிப்பு வராது. கொழும்பிலை ஹோட்டலிலை வேலை செய்யிற தம்பியிட்டை “இறால் இனிக்குது” எண்டு சொன்னால் சமையல்காரன் சீனி போட்டிட்டானோ எண்டு பயப்பிடுறான்.

---

குளக்கட்டு எழுதியது:

> சீனி போட்டோ இனிக்குது?

இந்த ஒரு வரிக்காகவே இந்த இழை திறந்தது வீண்போகவில்லை என்பேன்.

இனிமை என்றால் சீனியின் சுவை என்று நாம் இன்றைக்கு நினைக்கிறோம். சங்கப் பாட்டில் அந்தச் சொல் இவ்வளவு ஒடுங்கவில்லை. குறுந்தொகையில் (பாட்டு 27) வெள்ளிவீதியார் ‘நல்லான் தீம்பால்’ என்கிறார். பசுவின் பாலில் யாரும் கரும்புச்சாறு கலக்கவில்லை. கறந்த பால் நன்றாக இருக்கிறது, அதனால் தீம்பால். அதே தொகையில் 167ஆம் பாட்டு இன்னும் வியப்பு. புதிதாகக் குடித்தனம் போன பெண், தயிர் பிசைந்த விரலோடு, சேலையையும் மாற்றாமல், தாளிதப் புகை கண்ணில் ஏறத் தானே துழாவிச் சமைத்தது ‘தீம்புளிப் பாகர்’. தீம் என்றால் இனிய. இனிய புளிக்குழம்பு! புளிப்பும் இனிமையும் ஒரு சட்டிக்குள். கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. அந்த ‘இனிது’வை இன்றைக்குப் பெயர்த்து எழுதுவது என்றால் நான் ‘ருசி’ என்றுதான் எழுதுவேன், ‘இனிப்பு’ என்று எழுதமாட்டேன்.

பிறகு இனிப்பு சீனிக்கடைக்குள் போய்விட்டது. நல்ல சாப்பாட்டைச் சொல்ல ஓர் இடம் வெறுமையானது. அந்த இடத்தில் ருசி வந்து குந்தியது என்பது என் எண்ணம். எண்ணம்தான், நிறுவிக் காட்டக் கேட்காதீர்கள். முல்லைத்தீவுக் கரையில் இறாலுக்கு மட்டும் பழைய பொருள் பிழைத்திருக்கிறது.

தண்ணீருக்கும் அப்படித்தான். “அந்தக் கிணத்துத் தண்ணி இனிக்கும்” என்று சொல்லாத ஊர் வன்னியில் உண்டா? சவர் இல்லை என்பதற்குத்தான் அந்தச் சொல்.

உப்புப் பற்றி நீங்கள் சொன்னது வள்ளுவர் கணக்கு. ‘உப்பமைந் தற்றால் புலவி’ என்கிறார் (1302). ஊடல் உப்பு அமைந்த அளவில் இருக்கவேண்டும், சற்றுக் கூடினால் எல்லாம் கெட்டது. அமைதல் என்ற வினையைக் கவனியுங்கள். உங்கள் வீட்டுச் ‘சுவறுதல்’ அதற்குப் பக்கத்தில் நிற்கிற வினை.

---

முறிகண்டிக் கச்சான் எழுதியது:

மாஸ்டர் மாங்குளம் தாண்டிச் சங்ககாலம் போட்டார். பஸ்ஸைத் திருப்புங்கோ.

ஏ9 வீதியிலை ‘அறுசுவை’ எண்டு போர்ட் போட்ட கடையளைப் பற்றியும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. உள்ளை போனால் ஒரு சுவைதான் கிடக்கு, உறைப்பு. மிச்சம் அஞ்சும் பில்லிலை வரும்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

உறைப்பு சுவையே இல்லை, தெரியுமோ? நாக்கிலை சுவைமொட்டு பிடிக்கிறது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, அதோடை உமாமி. மிளகாயின்ர உறைப்பைப் பிடிக்கிறது சூட்டையும் நோவையும் உணர்த்துற நரம்பு வாங்கி. அதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸ் 2021இலை மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அதாலைதான் மிளகாய் வெட்டின கையைக் கண்ணிலை வைச்சாலும் எரியுது, சீனி தொட்ட கையை வைச்சால் கண்ணுக்கு இனிக்கிறதில்லை. துவர்ப்பும் பாதி தொடுகைதான், வாய்த்தோல் சுருங்கிற உணர்வு. எங்கட ஆறிலை ரெண்டு அப்பிடிக் கழருது. மிளகாயே போர்த்துக்கேயரோடை வந்த சாமான், அதுக்கு முந்தின கார்ப்பு மிளகின்ர கார்ப்பு.

உமாமி கதை இந்த இழைக்குப் பொருந்தும். 1908இலை ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேதா, கொம்பு எண்ட கடற்பாசி அவிச்ச சாறு ஏன் இவ்வளவு ருசி எண்டு தேடி, குளுத்தமேற்றைப் பிரிச்செடுத்தார். அந்தச் சுவைக்குப் பேர் வைக்கவேணும். ‘உமாய்’ எண்டால் அவையளின்ர பேச்சிலை ‘நல்ல ருசி’. அதிலையிருந்து உமாமி. ருசியையே ஒரு தனிச் சுவைக்குப் பேராக்கிப்போட்டார். நந்திக்கடல் அண்ணையின்ர அவிச்ச இறால், மாசிச் சம்பல், நெத்தலிக் கருவாடு, கூழுக்குள்ளை கிடக்கிற நண்டு, எல்லாத்திலையும் அது இருக்கு. தமிழிலை அதுக்குத் தனிப்பேர் இல்லை. “கறி பிடிப்பா இருக்கு” எண்டு எங்கட வீட்டிலை சொல்லுறதை நான் அதுக்குக் கிட்டக் கொண்டுபோவன், மற்ற ஆக்கள் சண்டைக்கு வரலாம்.

சுவை நாக்கிலை முடியுது, ருசி மூக்கிலைதான் முழுசாகுது. தடிமன் வந்து மூக்கடைச்சால் உப்பும் புளிப்பும் தெரியும், ஆனால் சோறு சப்பெண்டு கிடக்கும். மெல்லேக்கை வாய்க்குப் பின்னாலை மூக்குக்கு ஏறுற மணம்தான் பாதி வேலை செய்யுது. மாஸ்டர் சொன்ன ‘பொருளிலை சுவை, ஆளிட்டை ருசி’ எண்டதை நான் இப்பிடித்தான் விளங்கிக்கொள்ளுறன்.

அதோடை குளத்து மீன். எங்கட பக்கத்துக் குளத்து மீனிலை ஒரு சேத்து மணம் வரும் எல்லே, அது ஜியோஸ்மின் எண்ட சேர்மம். நீரிலையும் சேத்திலையும் வாழுற நுண்ணுயிர்கள் உண்டாக்கிறது. மழை பெஞ்ச மண்ணிலை வாற மணமும் அதேதான். புளிப்புப் பட்டால் அது சிதைஞ்சுபோகும். குளத்து மீனுக்குப் பழப்புளியைக் கூடக் கரைச்சு விடுறதும், தேசிக்காய் பிசைஞ்சு ஊறவைக்கிறதும் சும்மா இல்லை. இரணைமடுக்குக் கிட்ட இருக்கிற ஆச்சிமாரை ஒரு நோபல் குழுவும் கேக்கேல்லை.

---

மடைப்பள்ளி (முள்ளியவளை) எழுதியது:

“உப்புப் பார்” எண்டதிலை ஒரு கொழுவல். கோயில் சமையலிலை உப்புப் பாக்கேலாது. படைக்க முதல் நாக்கிலை பட்டால் எச்சில். எங்கட அப்பா கோயில்களிலை அன்னதானத்துக்குச் சமைக்கிறவர். பெரிய கிடாரத்திலை சாம்பார் கொதிக்கும், ஆள் பக்கத்திலை நிண்டு ஆவியைக் கையாலை தன்ர பக்கம் இழுத்து மணப்பார். “இன்னும் ஒரு பிடி” எண்டுவார். பூசை முடிஞ்சு சனம் பந்தியிலை இருந்த பிறகுதான் அவருக்கே தெரியும். உப்புப் பிழைச்சு நான் காணேல்லை. சோதனைக்குழாய் தம்பி உப்புக்கு மணம் இல்லை எண்டு சொல்லுவார், எனக்கும் தெரியும். ஆனால் உப்புப் போட்ட பருப்பின்ர மணமும் போடாததின்ர மணமும் ஒண்டில்லையாம். அப்பாவோடை ஆர் வாதாடுறது.

அந்தச் சாப்பாட்டை ஆரும் ருசி எண்டு சொல்லிக் கேட்டிருக்கிறியளோ? “கோயில் சாப்பாடு ஒரு தனி” எண்டுதான் சொல்லுவினம். தனி எண்டால் என்னெண்டு கேட்டால் மறுமொழி வராது.

---

நந்திக்கடல் எழுதியது:

எச்சில் கணக்குப் பாத்தால் கண்ணப்பரை என்ன செய்யிறது? அவர் இறைச்சியைப் பல்லாலை அதுக்கி, நல்லதாத் தெரிஞ்சு எடுத்தெல்லோ படைச்சவர்.

---

மடைப்பள்ளி எழுதியது:

கண்ணப்பர் கண்ணையும் குடுத்தவர் அண்ணை. அப்பா உப்பு மட்டும்தான் போடுறவர்.

---

பனிநாட்டான் (தொறொன்ரோ, பிறந்தது புதுக்குடியிருப்பு) எழுதியது:

இங்கை பிள்ளையளுக்கு எல்லாம் ‘டேஸ்ட்’தான். “அம்மா, டேஸ்டே இல்லை” எண்டுவினம். ஊரிலையும் இப்ப அப்பிடித்தானாம், சின்னாக்கள் படத்தைப் பாத்திட்டு ‘செம’ எண்டுகினமாம்.

நான் எழுத வந்தது வேறை. “பசி ருசி அறியாது” எண்டு ஒரு பழமொழி. சின்னனிலை கொப்பியிலை பத்துத்தரம் எழுதினது. 2009இலை அதுக்குப் பொருள் எழுதத் தேவையில்லாமல் போச்சு. அந்தக் கடைசி மாசங்களிலை கஞ்சி குடிச்ச ஆக்கள் இந்த இழையிலையும் இருப்பினம். இப்ப ஒவ்வொரு வைகாசியும் 18ஆம் திகதியை ஒட்டி முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் குடுக்கினம், இங்கையும் நாங்கள் காய்ச்சுறம். போனமுறை இங்கை பிறந்த ஒரு சின்னப்பிள்ளை கோப்பையை நீட்டி “ருசியா இருக்கு, இன்னும் தாங்கோ” எண்டு கேட்டுது. பக்கத்திலை நிண்ட ஒரு அம்மாவுக்கு முகம் மாறிப்போச்சு. “ருசிக்கே இது குடுக்கிறது?” எண்டு கேட்டா. பிள்ளை முழிக்குது. தாய்க்காறிக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.

மாஸ்டர் சொன்னமாதிரி ருசி தின்னுற ஆளிட்டை இருக்கு எண்டால், அந்தப் பிள்ளை சொன்னதிலை பிழை இருக்கோ?

---

நந்திக்கடல் எழுதியது:

பிழை இல்லை. நீங்கள் காய்ச்சினதிலை தேங்காய்ப்பால் விட்டிருப்பியள். அண்டைக்கு அரிசியும் தண்ணியும்தான், உப்புக் கிடைச்ச நாள் உப்பு. கடல் பக்கத்திலை கிடந்தும் உப்புக்குத் தவிச்சம். பாலை விடாமல் காய்ச்சிக் குடுங்கோ, பிள்ளை ரெண்டாந்தரம் கேக்காது. கேட்டால் குடுங்கோ.

---

குளக்கட்டு எழுதியது:

நந்திக்கடல் சொன்னதற்கு மேல் நான் அகராதி விரிக்கப் போவதில்லை.

பாலைநிழல், உங்கள் லேபிளுக்கு வருவோம். இவ்வளவும் வாசித்த பிறகு என் கருத்து இது: ருசியான, சுவையான, இன்சுவை மூன்றையும் விடுங்கள். இங்கே எழுதிய ஒருவராவது தன் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாராட்டுவதாக எழுதினாரா? உப்புச் சுவறியது, இறால் இனிக்குது, தண்ணீர் சவர் இல்லை, வடகம் கைக்குது இன்னும் வை. நம்மாட்கள் என்ன சுவை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பிடித்ததா என்பதைக் கோப்பையை நீட்டுவதில் காட்டுகிறார்கள். தன் சாமானைத் தானே ருசி என்று சொல்லும் போத்தல் சபைக்கு வந்து தன்னைத் தானே புகழுகிற ஆள். பாணி வாயில் என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

---

பாலைநிழல் எழுதியது:

மாஸ்டர், அதை வாசிச்சுப்போட்டு உடனை ஒரு கரண்டி எடுத்து வாயிலை விட்டுப் பாத்தன். சொல்லுறன் கேளுங்கோ.

முதல் தித்திப்பு. சீனித் தித்திப்பு இல்லை, பனங்கட்டிக்குக் கிட்ட. ஆனி ஆடியிலை பாலைப்பழம் திண்டிருப்பியள் எல்லே, பால் பிடிச்சு ரெண்டு சொண்டும் ஒட்டும், தேங்காய் எண்ணெய் பூசினால்தான் விடும். காய்ச்சினால் அந்த ஒட்டல் போயிடும், ஆனால் அடிநாக்கிலை கொஞ்சம் கயர் நிக்கும். அடுப்பு விறகு எண்டபடியாலை மெல்லிசாப் புகை மணமும் இருக்கு. அது சிலருக்குப் பிடிக்காது, ஆனால் இருக்கு.

இப்பிடிப் போடலாமோ: “பாலைப்பழப் பாணி. விறகடுப்பில் காய்ச்சியது. தித்திப்பு, முடிவில் சிறு கயர்.”

குழுவிலை காட்டினன். வடமொழி வேண்டாமெண்ட அக்காவுக்குச் சந்தோசம். மகள் மட்டும் “இன்சுவை போச்சு” எண்டு முகத்தை நீட்டிக்கொண்டு திரியிறா.

---

தேயிலைக்கொழுந்து எழுதியது:

அக்கா, நல்லா இருக்கு. ஆனா ‘கயர்’னா எங்க ஆளுங்களுக்குப் புரியாது. சாயம் கூடின தேத்தண்ணியைத் தோட்டத்துல ‘துவர்க்குது’ன்னுதான் சொல்வாங்க. கொழும்புக்காரங்களும் அதைத்தான் படிச்சிருப்பாங்க.

---

குளக்கட்டு எழுதியது:

துவர்ப்பு ஆறில் ஒன்று, எல்லாருக்கும் விளங்கும். ஆனால் கயருக்கு வேறு அழுத்தம் இருக்கிறது. வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தால் வருவது கயர். பிஞ்சு மாதுளம் தோலைக் கடித்தால் கயர். பாக்குத் துவர்க்கும், பாக்குக் கயர்க்கிறது என்று நான் சொல்லமாட்டேன். பாக்குக்காரர் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். பாணிக்கு எது பொருத்தம் என்று பாணியை நக்கிய ஆள்தான் சொல்லவேண்டும்.

---

பாலைநிழல் எழுதியது:

கயர்தான். ஆனால் தம்பி சொல்லுறதும் நியாயம், விக்கவேணும் எல்லே. “சிறு துவர்ப்பு” எண்டு போத்தலிலை போடுறம், சந்தையிலை ஆரும் கேட்டால் கயர் எண்டு வாயாலை சொல்லுறம்.

---

முறிகண்டிக் கச்சான் எழுதியது:

அப்ப ‘அந்தமாதிரி’ போச்சு. சரி, எங்கட ‘சோக்கான சாப்பாடு’ எண்டதையாவது ஆரும் எடுத்துக் கதைப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அது எங்கை இருந்து வந்தது?

---

குளக்கட்டு எழுதியது:

பாரசீகம் வழியாக வந்த ‘ஷௌக்’. உருது பேசுபவர்கள் இன்றும் விருப்பம், ஆசை என்ற பொருளில் அதைச் சொல்கிறார்கள். வடமொழியில் விருப்பம் என்றிருந்ததும், பாரசீகத்தில் விருப்பம் என்றிருந்ததும் நம் சோற்றுக்கோப்பையில் வந்து சந்தித்திருக்கின்றன. ஆடைக்கும் நடைக்கும் சோக்கு என்பவர்கள் இந்தியாவிலும் உண்டு. கறிக்குச் சோக்கு என்பதை நான் இங்கேதான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

பாலைநிழல் அக்கா, லேபிள் அடிக்க முதல் ஒரு விசயம். காலாவதித் திகதி, நிறை, உள்ளடக்கம், செய்த இடத்தின்ர விலாசம் எல்லாத்துக்கும் இடம் விட்டிருக்கிறியளோ? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தித்திப்பா கயரா எண்டு கேக்கமாட்டார், அதைத்தான் கேப்பார். அதோடை போத்தல் கழுவுறது எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி மாதிரிக் கல்சியம் கூடின தண்ணியெண்டால், காய்ஞ்ச பிறகு கண்ணாடியிலை வெள்ளைப் படலம் நிக்கும். கடைசிக் கழுவலுக்கு வடிகட்டின தண்ணி பாவியுங்கோ.

---

பாலைநிழல் எழுதியது:

நிறை போட மறந்துதான் போனம். தம்பியிட்டைத் திருப்பி அனுப்புறன். முறிகண்டி அண்ணை, முதல் பெட்டி உங்களுக்குத்தான், காசு கையிலை.